கீழ்முதுகு நரம்பு அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சை: குணமாவது எதையெல்லாம் பொறுத்தது? முழுமையான வழிகாட்டி

அறுவை முடிந்து மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் தேடியது கால் வலியைத்தான். பல மாதங்களாக இடது பிட்டத்தில் தொடங்கி, காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பெருவிரல் வரை சுள்ளென்று இழுத்த வலி அது. அதைக் காணோம். ஆனால் பெருவிரல் மட்டும் மரத்தே கிடந்தது. அழுத்தத்தை எடுத்தாயிற்று என்கிறார்கள், அப்புறம் இது ஏன் போகவில்லை? இந்தக் கேள்வியோடு அடுத்த சில வாரங்களைப் பயத்திலேயே கழித்தேன். விடை எளிமையானதுதான். யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது.

அறுவை சிகிச்சை நரம்பின் மேல் இருந்த அழுத்தத்தை எடுக்கிறது, அவ்வளவுதான். நரம்பு தேறுவது அதற்குப் பிறகு உடல் செய்ய வேண்டிய தனி வேலை. எவ்வளவு நாள் அழுந்திக் கிடந்தது, உங்கள் இரத்த ஓட்டமும் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன, முதல் மூன்று மாதங்களில் எப்படி நடமாடுகிறீர்கள், மனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அந்த வேலையில் கை வைக்கும். சிலவற்றை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தவையும் நிறைய இருக்கின்றன. கீழே உள்ளவை பொதுவான வழிமுறைகள். உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

படி 1: நடந்தது எந்த அறுவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

"முதுகில் ஆப்பரேஷன்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது ஆளுக்கு ஆள் வேறு.

முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு விலகி, அதாவது டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தால், பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள். இது டிஸ்கெக்டமி. பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்கு டிஸ்க் கிழிவது காரணமாக இருக்கலாம் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934-இல் எழுதிய பிறகுதான் இந்த அறுவை பரவியது. நுண்ணோக்கி வைத்துச் சிறிய வெட்டில் செய்யும் முறை 1977-இல் வந்தது. தசைக்கு அதிகச் சேதம் இல்லாததால் பலரும் அன்றோ மறுநாளோ எழுந்து நடந்துவிடுகிறார்கள்.

வயதாகும்போது எலும்பும் தசைநாரும் தடித்துத் தண்டுவடக் கால்வாய் குறுகிவிடுவது இன்னொரு வகை. பின்பக்க எலும்பில் ஒரு பகுதியை அகற்றி இடம் உண்டாக்குவார்கள். இது லேமினெக்டமி. பெரும்பாலும் வயதானவர்களுக்குச் செய்வது என்பதால் தேற நாள் கூடுதலாகும். மூன்றாவது, ஸ்குரூவும் கம்பியும் வைத்து இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்ட வைக்கும் ஃப்யூஷன். எலும்பு முழுதாக ஒட்ட ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். குனிவது, தூக்குவது எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடும் அதற்கேற்ப நீளும்.

இன்னும் அறுவை நடக்கவில்லை என்றால், "எனக்கு ஃப்யூஷன் கட்டாயமா?" என்று தயங்காமல் கேளுங்கள். 2016-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வும், முள்ளெலும்பு நழுவியவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட நார்வே ஆய்வும், அழுத்தத்தை மட்டும் எடுத்தவர்கள் ஃப்யூஷனும் சேர்த்துச் செய்துகொண்டவர்களைவிடப் பின்தங்கவில்லை என்று காட்டின. முதுகெலும்பு நிலையில்லாமல் ஆடுகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். எல்லோருக்கும் அல்ல.

அறுவை முடிந்தவர்கள் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். தண்டுவட உறை கிழிந்ததா? கிழிந்திருந்தால் தைத்துவிட்டு, சில சமயம் ஒன்றிரண்டு நாள் படுக்கச் சொல்வார்கள். சரியாகத் தைத்துவிட்டால் பிற்காலத்தில் பாதிப்பு இருப்பதில்லை. டிஸ்க்கின் வெளி வளையத்தில் இருந்த ஓட்டை பெரிதா, சிறிதா? பெரிய ஓட்டை உள்ளவர்களுக்கு மறுபடி பிதுங்கும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்கள் படி 5-ஐ மற்றவர்களைவிடக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

படி 2: உங்கள் நரம்பு எந்த நிலையிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஒரே அறுவை செய்துகொண்ட இருவரில் ஒருவர் மூன்று வாரத்தில் வேலைக்குப் போவதும், மற்றவர் ஆறு மாதம் காலை இழுத்து நடப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

நரம்புக் காயத்தை செடன் என்ற அறுவை மருத்துவர் 1943-இல் மூன்றாகப் பிரித்தார். மேலுறை மட்டும் நசுங்கி, செய்தி போவது தற்காலிகமாக நின்றுவிடுவது முதல் வகை. அழுத்தம் நீங்கியதும் நாட்களிலோ, சில வாரங்களிலோ, அதிகம் போனால் மூன்று மாதத்திலோ திரும்பிவிடும். உள்ளே இருக்கும் இழைகளே அறுந்துபோவது இரண்டாவது. இவை முளைத்து வளர்ந்துதான் தசையைச் சேர வேண்டும். நரம்பே துண்டாவது மூன்றாவது. டிஸ்க் அழுத்தத்தில் அது நடப்பதில்லை. நமக்கு நேர்வது முதல் இரண்டின் கலவை.

இழை வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கீழ்முதுகிலிருந்து பாதம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர், அதாவது 1000 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். நரம்பு வந்து சேராத தசை ஒன்று, ஒன்றரை வருடத்தில் சுருங்கி, மீட்க முடியாத நிலைக்குப் போகத் தொடங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல வேளையாக உடலுக்கு இன்னொரு வழி உண்டு. அறுபடாமல் மிஞ்சிய பக்கத்து இழைகள் கிளைவிட்டு, ஆதரவில்லாமல் நிற்கும் தசை நார்களை எடுத்துக்கொள்ளும். இதற்கு இரண்டு முதல் ஆறு மாதம் ஆகலாம். ஆகவே அறுவைக்கு முன் பாதத்தைக் கொஞ்சமாவது தூக்க முடிந்தவருக்கும், கொஞ்சமும் தூக்க முடியாதவருக்கும் எதிர்பார்ப்பு ஒன்றாக இருக்க முடியாது.

மருத்துவர்கள் தசை பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். அறுவைக்கு முன் உங்களுக்கு எத்தனை என்று கேட்டு எழுதி வையுங்கள். கீழ்முதுகிலிருந்து காலுக்குப் போகும் நரம்புகளுக்கு எழுத்தும் எண்ணும் வைத்துப் பெயர் சொல்வார்கள். எல்5 நரம்பு என்றால் பெருவிரலையும் பாதத்தையும் மேலே தூக்குவது பாதிக்கப்பட்டிருக்கும். எஸ்1 என்றால் நுனிக்காலில் நிற்பது சிரமம், சிறுவிரல் பக்கம் மரத்திருக்கும். எல்4 என்றால் முழங்காலை நீட்டும் பலம் குறையும். தேறுகிறதா என்று பின்னால் பார்க்க உதவப்போவது இந்தக் குறிப்புதான்.

எத்தனை நாள் பொறுத்தீர்கள் என்பதும் கணக்கில் வரும். கடுமையான சயாட்டிகா 6 முதல் 12 வாரம் இருந்த 283 பேரை வைத்து நெதர்லாந்தில் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்கு, மற்ற சிகிச்சையோடு காத்திருந்தவர்களைவிட வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். எனவே முதலில் மருந்து, பயிற்சி என்று காத்திருந்தது தவறில்லை. அதற்காக எல்லையில்லாமல் காத்திருக்கவும் கூடாது. டிஸ்க் விலகலில் ஆறு மாதத்துக்கு மேலும், கால்வாய் குறுகலில் ஒரு வருடத்துக்கு மேலும் அறிகுறிகள் நீடித்த பிறகு அறுவைக்குப் போனவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததை அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய ஸ்போர்ட் என்ற பெரிய ஆய்வு காட்டியது. முதுகு வலியைவிடக் கால் வலி மேலோங்கியிருந்தவர்களுக்கு அறுவை நன்றாகப் பலன் தந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கால் வலி நரம்பிலிருந்து வருகிறது, அதன் அழுத்தம் நீங்கிவிடுகிறது. முதுகு வலிக்கோ தசை, மூட்டு, தேய்ந்த டிஸ்க் என்று பல வேர்கள்.

படி 3: அறுவைக்கு முந்தைய வாரங்களை வீணாக்காதீர்கள்

புகைப்பதை நிறுத்துங்கள். நிக்கோடின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. தேறும் நரம்புக்கும் ஆறும் தோலுக்கும் ஒட்டும் எலும்புக்கும் தேவையான இரத்தம் குறைகிறது. ஃப்யூஷனில் எலும்பு ஒட்டாமல் போவது புகைப்பவர்களிடம் அதிகம். குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தி, அறுவைக்குப் பிறகும் தொடராமல் இருக்க வேண்டும். மாற்றக்கூடியவற்றில் ஒன்றே ஒன்றைச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சுகர் உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். 8-க்கு மேல் இருந்தால், அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைத்து முதலில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர்கள் பலர். புண்ணில் சீழ் பிடிக்கும் அபாயம் அதனால் குறையும். அதோடு, சர்க்கரையால் ஏற்கெனவே பாதங்களில் நரம்புப் பாதிப்பு இருந்தால், அந்த மரப்பு முதுகு அறுவையால் போகாது. எந்த மரப்பு எதனால் என்று முன்பே பிரித்துப் பார்த்துவிட்டால் பின்னால் ஏமாற்றம் இல்லை.

வீரியமான வலி மாத்திரைகளை, குறிப்பாக ஓபியாய்டு வகையை, மாதக் கணக்கில் எடுத்தவர்களுக்கு அறுவைக்குப் பின் வலியைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. மருத்துவரிடம் சொல்லி மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். திடீரென்று நிறுத்த வேண்டாம். இரத்த சோகை இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்குப் புண் சிக்கல்கள் கூடுதல். ஆனால் அவர்களுக்கும் அறுவை பலன் தருகிறது. "எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டால் உடைந்துபோக வேண்டாம்.

மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனச்சோர்வு, "அசைந்தால் ஏதாவது ஆகிவிடும்" என்ற பயம், எதையும் மிக மோசமாகவே கற்பனை செய்வது ஆகிய மூன்றும் அறுவையின் பலனைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. கால்வாய் குறுகலுக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம், தங்கள் உடல்நலத்தை அவர்களே எப்படி மதிப்பிட்டார்கள் என்பது பின்விளைவை முன்கூட்டிச் சொல்லும் வலுவான அறிகுறியாக இருந்தது. வலி கற்பனை என்று இதற்குப் பொருள் இல்லை. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் வலியில் கிடந்த யாருக்கும் மனம் சோரும். அதற்கும் உதவி கேளுங்கள்.

படி 4: முதல் இரண்டு நாட்கள்

எழுந்து உட்காரும் முறையை அறுவைக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் கட்டையைப் புரட்டுவது போலப் பக்கவாட்டில் திரும்புங்கள். கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிக்கொண்டே கைகளால் ஊன்றி எழுங்கள். மல்லாந்த நிலையிலிருந்து வயிற்றை எக்கி நேராக எழுவதுதான் கூடாது.

அன்றே அல்லது மறுநாளே நடக்க வைப்பார்கள். வலிக்கிறதே என்று மறுக்காதீர்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க நடைதான் முதல் மருந்து. மலச்சிக்கல் அற்ப விஷயமாகத் தெரியும், ஆனால் வலி மாத்திரைகளால் அது பலருக்கும் வரும். முக்கினால் முதுகில் சுளீரென்று பிடிக்கும். தண்ணீரும் நார்ச்சத்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும். தேவைப்பட்டால் மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள்.

படி 5: முதல் ஆறு வாரங்கள்

நடை, நடை, நடை. முதல் வாரம் ஐந்து பத்து நிமிடங்களாக ஒரு நாளில் பலமுறை நடங்கள். பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்க முடிந்தால் நன்று. மறுநாள் கால் வலி கூடினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். முதுகில் தசை வலி மட்டும் இருந்தால் தொடரலாம்.

உட்காருவதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உட்கார்ந்தால் டிஸ்க்கில் அழுத்தம் மிக அதிகம் என்று பழைய அளவீடுகள் சொன்னதே காரணம். 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து அளந்தார்கள். தளர்வாக உட்கார்ந்தபோது இருந்த அழுத்தம், நின்றபோது இருந்ததைவிட அதிகமாக இல்லை. 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கியபோது அது நின்றபோது இருந்ததைப்போல நான்கு மடங்குக்கு மேல் போனது. முழங்காலை மடக்கித் தூக்கியபோதும் மூன்று மடங்கைத் தாண்டியது. ஆக, உண்மையான எதிரி குனிந்து தூக்குவது. ஆறு வாரம் வரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம், குழந்தையானாலும் சரி. ஆசையாக ஓடிவந்தால் நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறச் சொல்லுங்கள். உட்காரும்போது அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடந்தால் போதும்.

அதே ஆய்வில், இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி, அதன் உள்ளழுத்தம் இரு மடங்குக்கு மேல் ஏறியதும் பதிவானது. அதனால் எழுந்தவுடன் முதல் ஒரு மணி நேரம் குனிவதைத் தவிர்ப்பது நல்லது. பல் துலக்கும்போது தொட்டியின் மேல் வளையாமல் ஒரு கையை ஊன்றிக்கொள்ளுங்கள். செருப்பைத் தரையிலிருந்து எடுப்பது, கீழே விழுந்ததை எடுப்பது எல்லாம் பிறகு ஆகட்டும்.

மறுபக்கமும் உண்டு. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதும் கெடுதல்தான். டிஸ்கெக்டமிக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரத்தில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு வலியும் முடக்கமும் குறைந்தன, மறு அறுவையும் அதனால் கூடவில்லை என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது.

இந்தக் காலத்தில் ஒரு சறுக்கல் பலருக்கும் வருகிறது. முதல் வாரம் நன்றாக இருந்துவிட்டு, இரண்டாவது மூன்றாவது வாரத்தில் பழைய வலியே எட்டிப் பார்க்கும். கை வைத்த நரம்பைச் சுற்றி வீக்கம் வருவதாலும், ஆறும் நரம்பு எரிச்சலடைவதாலும் இப்படி ஆகலாம். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மின்சாரம் பாய்வது போன்ற துடிப்பு எல்லாம் வந்து வந்து போகும். நடையைக் கொஞ்சம் குறைத்து, மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். எனக்கு இது பதினாறாம் நாள் வந்தது. மறுபடி விலகிவிட்டது என்றே நினைத்து அழுதேன். பத்து நாளில் போய்விட்டது.

படி 6: ஆறாவது வாரத்திலிருந்து

இனி பிசியோதெரபி. முதுகைத் தாங்கும் ஆழமான வயிற்றுத் தசைகளும், முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகளும், பிட்டத் தசையும் வலுவாக வேண்டும். வீட்டில் பார்த்துச் செய்வதைவிடத் தெரிந்தவர் முன்னால் முறையைக் கற்றுக்கொள்வது நல்லது. நரம்பை மெல்ல நீட்டி விடும் பயிற்சியை வலிக்க வலிக்கச் செய்யக் கூடாது.

பாதம் தொங்குகிறவர்கள் ஏஎஃப்ஓ எனப்படும் கணுக்கால் தாங்கியைப் போட்டுக்கொள்ளத் தயங்கவே வேண்டாம். தடுக்கி விழாமல் காப்பதோடு கணுக்கால் இறுகாமலும் வைக்கும். தசை அசையாவிட்டாலும் தினமும் அசைக்க முயலுங்கள், மூட்டைக் கையால் மடக்கி நீட்டிவிடுங்கள்.

வேலைக்குத் திரும்புவது வேலையைப் பொறுத்தது. மேசை வேலை என்றால் இரண்டு முதல் நான்கு வாரம், பாரம் தூக்கும் வேலை என்றால் மூன்று மாதம் வரை. ஃப்யூஷன் என்றால் இன்னும் கூடும். முடிந்தால் முதலில் அரை நாள் வேலை கேளுங்கள். வண்டி ஓட்ட, மயக்கம் தரும் மாத்திரைகள் நின்றிருக்க வேண்டும், பிரேக்கைச் சட்டென்று முழுப் பலத்தோடு மிதிக்கவும் முடிய வேண்டும். வலது கால் பலவீனமாக இருந்தால் மருத்துவர் சொல்லும் வரை வேண்டாம்.

படி 7: எப்போது ஓட வேண்டும், எப்போது பொறுக்க வேண்டும்

மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, இரண்டு கால்களும் தளர்வது. இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த மணி நேரமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று தூங்கக் கூடாது. கால் பலம் புதிதாகக் குறைவதும், கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலிப்பதும், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வருவதும் அதே அவசரம்தான். காய்ச்சல், புண்ணில் சிவப்பு, சீழ், நாளுக்கு நாள் கூடும் முதுகு வலி என்றால் அன்றே காட்டுங்கள். எழுந்தால் தலைவலி, படுத்தால் போய்விடுகிறது என்றால் தண்டுவட நீர் கசியலாம். அதையும் அன்றே சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லாமல் லேசான வலி மட்டும் மிஞ்சியிருந்தால், அவசரப்பட்டு இன்னொரு எம்ஆர்ஐ எடுக்காதீர்கள். 2013-இல் வெளிவந்த ஆய்வில், சயாட்டிகாவுக்கு அறுவையோ மற்ற சிகிச்சையோ பெற்றவர்களிடம் ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில், நன்றாகத் தேறியவர்களில் 35 சதவீதம் பேருக்கும், தேறாதவர்களில் 33 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. படத்தை மட்டும் வைத்து யார் தேறினார்கள் என்று சொல்லவே முடியவில்லை. அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் வீக்கமும் இரத்தமும்கூடப் படத்தில் டிஸ்க் போலவே தெரியும். போன கால் வலி சில வாரமோ மாதமோ கழித்து அதே வழியில் கடுமையாகத் திரும்பினால் அப்போது படம் தேவை. மறுபடி பிதுங்கியதா, தழும்புத் திசுவா என்று பிரித்துப் பார்க்க இரத்தக் குழாயில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றி எடுப்பார்கள்.

மற்றபடி பலருக்கும் நடக்கும் வரிசை இது: முதலில் கால் வலி போகும், பிறகு பலம் வரும், மரப்பு கடைசியில். ஒரு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் முன்னேற்றம் தொடர்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்து தேதியோடு எழுதுங்கள்: குதிகாலில் பத்து அடி, நுனிக்காலில் பத்து அடி, மரத்த இடத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து ஒரு படம். தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது. என் நோட்டில் மூன்றாம் மாதம் வரை பெருவிரல் முழுக்க மை பூசிய படம்தான் இருக்கிறது. ஏழாம் மாதம் பாதியானது. பதினான்காம் மாதப் படத்தில் நகத்தின் ஓரமாகப் பட்டாணி அளவு ஓர் இடம் மட்டும் மிச்சம். அது இன்றும் அப்படியே இருக்கிறது.